வினாத்தாள் எப்போதோ வெளியாகிவிட்டது, பெற்றோரே

புலமைப்பரிசில் பெறுபேறு வெளிவரும் கிழமையில் நம் கோயில்களில் பூசைக் கருத்துகள் கூடிவிடும். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த மகளுக்காக நன்றிப் பூசை, சாதாரண தரத்தில் ஒன்பது ஏ வர வேண்டுமென்று ஒரு பூசை, மகனின் விசா சரிவர ஒன்று, புதுவீட்டுக்கு ஒன்று. பங்குத்தந்தை வாசித்து முடிக்கவே நேரம் பிடிக்கும். மெதடிஸ்த ஆலயத்திலும் தென்னிந்திய திருச்சபையிலும் தகரக் கொட்டகைச் சபைகளிலும் செபக் குறிப்புகள் இதே போலத்தான். கடவுளிடம் நாம் எதிர்பார்ப்பதெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அவர் நம்மிடம் எதிர்பார்ப்பது அதில் ஒரு வரியாகவேனும் வந்து கேட்டதுண்டா? அடுத்த வளவுப் பிள்ளை சோதனை பாஸாக வேண்டுமென்று யாராவது பூசை கொடுத்ததுண்டா?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பிள்ளை வளர்க்கும் கிறிஸ்தவப் பெற்றோரே, உங்களைப் போல நானும் அதே வாங்கில் இருந்து அதே பட்டியலைக் கேட்கிறவன். அந்த உரிமையில்தான் இதைக் கொஞ்சம் உறைப்பாகவே எழுதுகிறேன்.

2024 செப்டெம்பரில் நடந்த புலமைப்பரிசில் பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன என்று நாடே கொதித்தது. பெற்றோர் வீதிக்கு வந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. மூன்றே மூன்று வினா! நம் பிள்ளைகள் கடைசியில் எழுத வேண்டிய சோதனையின் வினாத்தாளோ இரண்டாயிரம் வருடமாக வெளியிலேயே கிடக்கிறது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் ஆறு வினாக்களும் வரிசையாக இருக்கின்றன: பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் வார்த்தாயா, அந்நியனாய் வந்தவனைச் சேர்த்துக்கொண்டாயா, உடுப்பில்லாதவனுக்கு உடுப்புக் கொடுத்தாயா, நோயாளியைப் பார்த்தாயா, சிறையில் கிடந்தவனிடம் போனாயா. எத்தனை பூசை கண்டாய் என்ற வினா அதில் இல்லை. எத்தனை ஏ எடுத்தாய் என்பதும் இல்லை. மாதிரி வினாத்தாளுக்குப் போட்டோக்கொப்பிக் கடையில் வரிசையில் நிற்கிற நாம், இந்த ஒரு தாளைப் பிள்ளையின் கையில் கொடுப்பதே இல்லை.

அந்த அதிகாரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். தீர்ப்பில் இடது பக்கம் ஒதுக்கப்பட்டவர்கள் கொலைகாரர்களோ கள்வர்களோ அல்லர். அவர்கள் யாருக்கும் ஒரு தீங்கும் செய்ததாக அங்கே சொல்லப்படவில்லை. கண்முன் நின்றவனைக் கண்டுகொள்ளாமல் போனார்கள், அவ்வளவுதான். 'எங்கட பிள்ளை ஒருத்தருக்கும் கெடுதல் செய்யாது' என்று பெருமையாகச் சொல்லித் திரிகிறோமே, அந்தச் சான்றிதழோடு எந்தப் பக்கம் நிறுத்தப்படுவான் என்று யோசித்திருக்கிறோமா?

மூன்றாவது வினாவை மட்டும் இப்போது எடுப்போம். அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா? வன்னியில் இதற்கு விடை எழுத ரொறன்ரோவுக்கோ கொழும்புக்கோ போகத் தேவையில்லை. பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் என்று கிளிநொச்சி நகரைச் சுற்றியே விடைத்தாள் விரிந்து கிடக்கிறது.

அந்தக் குடியிருப்புகளின் கதையை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்கிறோம்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் தலைமன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் கணக்கில்லை. 2023இல், அவர்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, அதே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி போனது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி உழைத்துக் கொடுத்த அந்த மக்களை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1958இலும் 1977இலும் 1983இலும் கலவரக்காரர்கள் அவர்களின் லயன்களுக்கு நெருப்பு வைத்தபோது, உயிர் தப்பி வடக்கே வந்தவர்கள் வன்னியில் இறங்கினார்கள். காட்டை வெட்டினார்கள். நம் வயல்களில் நாற்று நட்டார்கள், களை பிடுங்கினார்கள், சூடடித்தார்கள். காணி வைத்திருந்தவர்கள் அவர்களுக்குக் கூலி கொடுத்தார்கள். இரணைமடுக் குளத்துக்குக் கிட்டக் குடியிருந்தும் அவர்களில் பலருக்கு வாய்த்தது வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுக்காணிதான்.

அவர்களை வரவேற்றுக் குடியமர்த்த முன்வந்தவர்களும் இருந்தார்கள். கரம்பொன்னில் பிறந்த கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட் கைநிறையச் சம்பளம் தந்த தொழிலை விட்டு வந்து, வைத்தியர் இராஜசுந்தரத்தோடு சேர்ந்து காந்தியம் அமைப்பை நடத்தினார். 1977 கலவரத்தின் பின் வவுனியாவிலும் அயல் மாவட்டங்களிலும் மலையகக் குடும்பங்களைக் குடியமர்த்தி, பண்ணையும் பாலர் பாடசாலையும் அமைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். அதற்குக் கிடைத்த கூலி என்ன தெரியுமா? 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பி, நெடுங்காலம் தமிழ்நாட்டில் இருந்து, முதுமையில் திரும்பி வந்து 2015இல் கிளிநொச்சியிலேயே கண்மூடினார். நம் ஊரில் செத்த அந்த மனிதரின் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிரிக்கெட் அணியின் பதினொரு பெயரும் மனப்பாடம். மூன்றாவது வினாவுக்கு உயிரைக் கொடுத்து விடை எழுதியவர்களின் பெயர் தெரியாது.

தெரியாமல் இருப்பதைக்கூட மன்னிக்கலாம். நாம் தெரிந்தே கற்றுக்கொடுக்கிற ஒன்று இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது? 'அது தோட்டக்காட்டுப் பிள்ளை, அதோட என்ன கூட்டு உனக்கு?' என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்காது என்று நினைக்கிறோம். மறைக்கல்வி ஆசிரியை பத்துக் கட்டளையைப் பத்து மாதம் படிப்பிக்கிறார், பிள்ளை பாதியை மறக்கிறது. நாம் சாப்பாட்டு நேரத்தில் ஒருதரம் சொன்னது சாகும்வரை மறப்பதில்லை. வகுப்பில் யாருக்குப் பக்கத்தில் இருப்பது, யாருடைய தண்ணீர்ப் போத்தலில் குடிப்பது, முதல் நன்மை வீட்டுக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பாடங்களை நடத்துவது பாடசாலை அல்ல, நாம். பிறகு கல்யாணப் பேச்சு வரும்போது 'ஆக்கள் எப்படி?' என்று தணிந்த குரலில் விசாரிக்கிற பாடத்தையும் நாமே நடத்தி முடிக்கிறோம். ஒரே நற்கருணை வாங்குகிறவர்களுக்குள் வேலி போட்டவர்கள் வேறு யாருமில்லை.

இத்தனைக்கும் நாம் யார்? பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேல் மக்களிடம் கடவுள் அந்நியரை ஒடுக்காதே என்று கேட்கும்போது அதற்கு ஒரு காரணமும் சொல்கிறார்: எகிப்தில் நீங்களும் அந்நியராய் இருந்தீர்களே! உலகத்தில் இந்தக் காரணம் யாருக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, நமக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நடந்தது. பிறகு கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்தார்கள். மலேரியாவும் பாம்பும் நிறைந்த காட்டில் அவர்களுக்கு வளவுக்குள் இடம் விட்டவர்கள், கிணற்றைத் திறந்துவிட்டவர்கள், கிடுகு பின்னிக் கொடுத்தவர்கள் வன்னிச் சனம். அந்தச் சனத்துக்குள் இந்தத் 'தோட்டக்காட்டு'க் குடும்பங்களும் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனிடம் யாரும் ஊர் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை. பிறகு 2009 ஜனவரியில் கிளிநொச்சி விழுந்தது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒரே தறப்பாளின் கீழ், ஒரே பங்கருக்குள் எல்லோரும் கிடந்தோம். அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த கஞ்சிக்கு எல்லோரும் ஒரே வரிசையில் நின்றோம். விழுந்த எறிகணை பாரதிபுரத்தான் யார், பங்குச் சபைத் தலைவர் யார் என்று பார்த்து விழவில்லை. அதன்பின் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் பவுசர் தண்ணீருக்கும் அதே வரிசைதான். 2012இல் அந்த முகாமை மூடி நம்மை அனுப்பினார்கள். வீடு கட்டினோம், மதில் கட்டினோம். மதில் எழும்பியதும் ஞாபகம் மட்டும் வெளியே நின்றுவிட்டது.

வருடா வருடம் மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவாகச் சந்திக்குச் சந்தி கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம். நல்லது, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சிரட்டையைப் பிள்ளையிடம் நீட்டும்போது நடந்த கொடுமையை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கஞ்சியை இன்னொருவரோடு பங்கிட்டவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கிளிநொச்சிப் பகுதியில் பணியாற்றிய அருட்தந்தை சரத்ஜீவன் கடைசி வரை மக்களோடேயே நின்றார். 2009 மே 18 அன்று, போர் முடிந்த அதே நாளில், களைத்துப் போன அவருடைய இதயம் நின்றது. அப்போது அவருக்கு வயது 41. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அதே நாள் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடையப் போனவர்களைத் தனியே விடாமல் கூடவே போனார். அவரையும் அவர்களையும் பிறகு யாரும் காணவில்லை. வயோதிபர், படித்தவர், பெரிய கல்லூரியை நடத்தியவர். ஒதுங்கிப் போயிருந்தால் கேட்பார் இல்லை. நம் பிள்ளை பெரிய கல்லூரிக்குப் போக வேண்டும் என்று நாம் துடிக்கிறோம். அந்தப் பெரிய கல்லூரியின் அதிபர் எங்கே போய் நின்றார் என்பதையும் பிள்ளைக்குச் சொன்னால் என்ன?

இங்கே ஒரு பதிலை எல்லோரும் கையில் ஆயத்தமாக வைத்திருப்பீர்கள். 'நாங்களே எல்லாத்தையும் இழந்து வந்தனாங்கள். முதல்ல எங்கட பிள்ளையளை நிமித்துவம், பிறகு மற்றவையைப் பாப்பம்.' கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கடன்காரன் படலையில் நிற்கிற வீட்டுக்காரரிடம் தருமம் பேசுவது சுலபம் என்பதும் எனக்குத் தெரியும். நுண்கடனும் லீசிங்கும் நம்மைப் படுத்துகிற பாடு கொஞ்சமா? ஆனால் ஒன்று கேட்கிறேன். இப்போது கையில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத காலத்தில் நாம் பங்கிட்டோமே, அது எப்படி நடந்தது? இருப்பது கூடக் கூட 'பிறகு' தள்ளிக்கொண்டே போகிறது என்பதுதான் உண்மை. முதலில் வீடு, பிறகு ரைல்ஸ், பிறகு மோட்டார் சைக்கிள், பிறகு பிள்ளையின் வெளிநாடு. அந்தப் 'பிறகு' வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். அன்பு என்பது வசதி வந்தபின் செய்கிற வேலை என்று அது நம்மிடம் படித்து முடித்திருக்கும்.

அடுத்தது, நல்ல சமாரியனின் கதை. அதை நம் பிள்ளைகள் ஒளிவிழாவில் நடித்துப் பரிசு வாங்குகிறார்கள். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் மறுபக்கமாய் ஒதுங்கிப் போன குருவாகவும் லேவியனாகவும் நம் பிள்ளைகளே வேசம் போடுகிறார்கள். மேடைக்கு வெளியே நடந்ததையும் பாருங்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பந்தல் போட்டுத் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அப்படியே தொடங்கினார்கள். கையில் பிள்ளையின் படத்தோடு வெயிலிலும் மழையிலும் இருந்த அந்தத் தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். ஏ-9 வீதியால் ஞாயிறு பூசைக்குப் போன நாம் எத்தனை தரம் பிள்ளையை இறக்கி, 'போய் அந்த அம்மம்மாவின் கையைப் பிடிச்சுக் கதை' என்று சொன்னோம்? அரசியல் பேச வேண்டாம், கோசம் போட வேண்டாம். அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். நேரமில்லை என்று மறுபக்கமாய்ப் போனோம். ஒளிவிழாவில் வேசம் தேவைப்படாத பாத்திரம் நம்முடையதுதான்.

இன்னும் கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவின் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் தலைமுறை தலைமுறையாய் இருந்தவர்கள் கையில் கிடைத்ததோடு போனார்கள். போர் முடிந்து அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தபோது நம் வீடுகளில் என்ன பேசினோம்? 'காணி பிடிக்க வருகினம்' என்றோம். நம் காணியை மற்றவன் பிடித்தபோது நெஞ்சில் அடித்து அழுத அதே வாயால்தான் சொன்னோம். நம் துயரத்துக்கு உலகம் செவி கொடுக்கவில்லை என்று முறையிடுகிற நாம், நம் பெயரால் நடந்த ஒரு துயரத்தைப் பிள்ளைக்குச் சொல்லத் துணிகிறோமா? நீதி கேட்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நமக்கு நீதி கேட்கிற பிள்ளை மற்றவனுக்கும் அதைக் கேட்கத் தெரிந்தவனாக வளரட்டும் என்கிறேன். கண்ணால் காண்கிற சகோதரனை வெறுத்துக்கொண்டு காணாத கடவுளை நேசிக்கிறேன் என்பவனை யோவான் தன் முதல் கடிதத்தில் பொய்யன் என்றே சொல்கிறார். அதற்கு இனக்கணக்கில் விதிவிலக்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

வெளிநாட்டுக்கென்றே பிள்ளையை வளர்க்கிறவர்களுக்கும் ஒரு சொல். 1986 ஓகஸ்ட் மாதம், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் அத்திலாந்திக் கடலில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தார்கள். அவர்களைக் கண்டு காப்பாற்றியவர்கள் கஸ் டால்ட்டன் என்ற கப்டனும் அவரைப் போன்ற மீனவர்களும். தமிழ் என்றொரு மொழி இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. ஆனாலும் வலையை விட்டுவிட்டு ஆட்களை ஏற்றினார்கள். இன்று கனடாவிலிருந்து நம் கோயில் கோபுரத்துக்கு வருகிற காசின் அடியில் அப்படி ஒருவர் நீட்டிய கை இருக்கிறது. நாளைக்கு உங்கள் மகனும் ஏதோ ஒரு நாட்டில் அந்நியனாகத்தான் போய் இறங்குவான். அங்கே அவனைச் சேர்த்துக்கொள்ளும் மனிதர்கள் இருக்க வேண்டும் என்று செபிக்கிறோமே, இங்கே அப்படி ஒரு மனிதனாக அவனை வளர்த்துவிட்டோமா?

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பெரிய காரியம் எதையும் சொல்லவில்லை. நத்தாருக்குப் பலகாரத் தட்டுக் கொடுக்கிற வழக்கம் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. கேக், பயற்றம் பணியாரம், சிப்பி, முறுக்கு என்று அடுக்கி, லேஸ் துணியால் மூடிக் கொடுத்தனுப்புகிறோம். அந்தத் தட்டு எந்தெந்தப் படலைகளைத் தட்டுகிறது என்று ஒரு கடதாசியில் எழுதிப் பாருங்கள். வங்கி மனேஜர் வீடு, அதிபர் வீடு, கிராம சேவகர் வீடு, பொங்கலுக்குத் தட்டுத் திருப்பித் தருகிற வீடு. இந்த முறை அந்தப் பட்டியலை மாற்றி எழுதுங்கள். தட்டைத் திருப்பித் தர வழியில்லாத வீடு ஒன்று, காலை இழந்த முன்னாள் போராளி ஒருவரின் வீடு, கணவன் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கிறவளின் வீடு, திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம் ஒன்று, நம் வயலில் வேலை செய்துவிட்டுப் பின்பக்கத்தால் கூலி வாங்கிப் போகிறவரின் வீடு. தட்டைப் பிள்ளையே சுமக்கட்டும். வாசலில் வைத்துவிட்டு ஓடி வராமல், உள்ளே போய் இருந்து, அவர்கள் தருகிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வரட்டும். கொடுக்க மட்டும் பழகிய பிள்ளைக்கு மற்றவன் எப்போதும் கீழே நிற்பவன்தான். அவர்கள் வீட்டுக் கோப்பையில் குடித்த பிள்ளைக்கு அவன் அயலவன்.

ரியூசனுக்கு மாதம் மாதம் எண்ணிக் கொடுக்கிறோமே, இரண்டு வீட்டார் சேர்ந்தால் மூன்றாம் பிள்ளை ஒன்றின் கட்டணத்தைக் கட்டலாம். கட்டுவதை ஊருக்குச் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளைக்கும் தெரிய வேண்டாம். 'அவன் முன்னுக்கு வந்தால் எங்கட பிள்ளையின்ர இடம் போயிடும்' என்ற பயம் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தால், அந்தப் பயத்தையே பூசைக் கருத்தாகக் கொடுங்கள். நம்மில் அநேகருக்கு உண்மையில் தேவையான பூசை அதுதான்.

வீட்டுக்குள் ஒரு சட்டம் போடுங்கள்: தோட்டக்காட்டான், சோனி, நொண்டி, சாதிப் பெயர்கள் என்று எதுவும் இந்த வீட்டுக் கூரைக்குக் கீழ் பேசப்படாது. அப்பப்பா பேசினாலும் விடக்கூடாது. மரியாதையாக, 'அப்பு, பிள்ளையளுக்கு முன்னால வேண்டாம்' என்று சொல்லலாம். முதல் கிழமை கோபிப்பார். பிறகு அவரும் பழகிவிடுவார்.

கோயிலுக்குப் புதுச் சொரூபமும் ஒலிபெருக்கியும் வாங்கிக் கொடுத்துக் கடவுளின் எதிர்பார்ப்பை நிறைவேற்றிவிட்டதாக நினைக்கிற பழக்கத்தை இனியாவது விடுவோம். அவர் கேட்காததை வாரி வாரிக் கொடுத்து, கேட்டதை மட்டும் மறைத்து வைக்கிறோம். அவர் கேட்டவை ஆறு. அந்த ஆறையும் எழுதி, பிள்ளையின் படிப்பு மேசைக்கு மேலே, பாட அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கிழமைக்கு ஒரு வினாவாக எடுத்து, பிள்ளையோடு கூட நீங்களும் விடை எழுதிப் பழகுங்கள். இந்தச் சோதனையில் வெட்டுப்புள்ளி இல்லை, மாவட்ட நிலை இல்லை. அடுத்தவன் பிள்ளை சித்தியடைந்தால் நம் பிள்ளையின் இடம் குறையாத ஒரே சோதனை இதுதான். அதற்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்தாமல் விட்ட பிழைக்கு வாத்தியாரையும் அரசாங்கத்தையும் போரையும் கைகாட்ட முடியாது. அந்த விடைத்தாளில் பெற்றோரின் பெயரும் சேர்த்துத்தான் எழுதப்படும்.